தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரமும் ஒரு ஸ்டீரியோ அட்டையும்: 19ஆம் நூற்றாண்டு முறையில் செய்ய முழுமையான வழிகாட்டி

இதில் சொன்னபடி செய்து முடித்தால் உங்கள் கையில் ஓர் அட்டை இருக்கும். 7 அங்குல நீளம், 3.5 அங்குல உயரம். ஒரே கட்டடத்தின் இரண்டு படங்கள் அதில் அருகருகே இருக்கும். லென்ஸ் வழியாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகிக் கட்டடம் ஆழத்தோடு எழுந்து நிற்கும். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் லட்சக்கணக்கில் விற்ற ஸ்டீரியோ அட்டைகளின் வழக்கமான அளவு இதுதான்.

உதாரணத்துக்கு எங்கள் ஊரான மலேசியாவின் தெலுக் இந்தானில் உள்ள மணிக்கூண்டை, அதாவது சாய்ந்த கோபுரத்தை எடுத்துக்கொள்கிறேன். 1885இல் கட்டியது, 25.5 மீட்டர் உயரம். வெளியிலிருந்து எட்டு மாடி போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்றுதான். உயரம், சாய்வு, ஓடும் கடிகாரம், சுற்றிலும் வாகனங்கள் என்று புதியவர்களைத் தடுமாற வைக்கும் எல்லாம் அங்கே ஒரே இடத்தில் இருக்கின்றன. உங்கள் தோட்டத்து (எஸ்டேட்) கோயில் கோபுரமோ, பழைய தண்ணீர்த் தொட்டியோ, புகைவீடோ எதுவானாலும் முறை ஒன்றுதான்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தபோது கவனித்தேன்: பெரும்பாலோர் கேமராவில் தொடங்குகிறார்கள். அங்கேதான் தவறு. முதலில் பார்க்கப் பழக வேண்டும். அப்புறம் அளக்க வேண்டும். படம் எடுப்பது மூன்றாவதுதான்.

1. படம் எடுக்கும் முன் பார்க்கப் பழகுங்கள்

உங்கள் கண்ணால் ஒரு நல்ல பழைய அட்டையைச் சேர்த்துப் பார்க்க முடியாவிட்டால், உங்கள் சொந்தப் படத்தில் தவறு எங்கே என்று சொல்லவே முடியாது. தவறு கண்ணிலா படத்திலா என்று தெரியாமல் மூன்று வாரம் அலைவீர்கள்.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகமும் நியூயார்க் பொது நூலகமும் பழைய ஸ்டீரியோ அட்டைகளின் படங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. கட்டடங்கள் உள்ள சிலவற்றை இறக்கி, ஒவ்வொரு படமும் 5 செ.மீ. அகலம் வரும்படி சிறிதாக அச்சிடுங்கள். அட்டையை மூக்கருகே பிடித்து, அதைத் தாண்டி தூரத்துச் சுவரைப் பார்ப்பது போலக் கண்ணைத் தளர விடுங்கள். பிறகு மெதுவாக அட்டையைப் பின்னால் கொண்டுபோங்கள். இரண்டு படங்கள் மூன்றாகத் தெரியும். நடுவில் உள்ளதில்தான் ஆழம் இருக்கும்.

மாறுகண் போட்டுப் பார்க்கும் வழியும் உண்டு, சிலருக்கு அது எளிது. ஆனால் இந்த அட்டைகளுக்கு அது உதவாது. வலக் கண் இடப் படத்தையும் இடக் கண் வலப் படத்தையும் பார்ப்பதால் ஆழம் தலைகீழாகி, முன்னால் இருப்பது பின்னால் போய்விடும். பழகும்போதே ஒரே வழியில் நில்லுங்கள்.

வெறும் கண்ணால் வரவில்லை என்றால் மருந்துக்கடையில் விற்கும் +4 படிப்புக் கண்ணாடி ஒன்று போதும். அதன் குவியத் தொலைவு 25 செ.மீ. அட்டையை அந்தத் தூரத்தில் வைத்து, மூக்கிலிருந்து அட்டையின் நடு வரை ஒரு கெட்டி அட்டையைத் தடுப்பாக நிறுத்துங்கள். இடக் கண் இடப் படத்தை மட்டும், வலக் கண் வலப் படத்தை மட்டும் பார்க்கும். ஏற்கெனவே கண்ணாடி போடுபவர்கள் அதன் மேலேயே இதைப் போட்டுக்கொள்ளலாம். சிலருக்குக் கண் அமைப்பால் இந்த ஆழம் தெரியாது. அவர்களை வற்புறுத்த வேண்டாம். படம் எடுக்கவும் வெட்டி ஒட்டவும் அவர்களால் நன்றாகவே முடியும்.

2. கையில் இருக்க வேண்டியவை

கைப்பேசி, முக்காலி, கையடக்க ரசமட்டம், அளவு நாடா. ஒரு மீட்டர் நீளத்தில் வளையாத நேரான மரச்சட்டம் ஒன்று. தச்சுப் பட்டறையில் மிச்சம் கிடக்கும் துண்டே போதும். கைப்பேசியை நிற்க வைக்க அடியில் தட்டையான பிடிப்பான். இவ்வளவுதான் வெளியே கொண்டுபோக வேண்டியது.

வீட்டில் கெட்டி அட்டை, இரட்டைப் பக்க டேப், இரும்பு அளவுகோல், கூர்மையான கத்தி. சேர்க்கும் வேலைக்கு ஸ்டீரியோ போட்டோ மேக்கர் என்ற இலவச மென்பொருள் உண்டு. அது இல்லாமல் சாதாரணப் படத் திருத்தியிலும் செய்யலாம்.

பார்க்கும் கருவியை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் படத்தின் அகலம் அதைப் பொறுத்தது. ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1860 வாக்கில் அமைத்த கைப்பிடி ஸ்டீரியோஸ்கோப்பில் லென்ஸ்கள் முப்பட்டகம் போலவும் வேலை செய்து கண்ணின் பார்வைக் கோட்டைத் திருப்பும். அதனால் 74 மி.மீ. அகலப் படங்கள் ஒத்துவரும். அதன் நகல்கள் இணையக் கடைகளில் கிடைக்கின்றன. படிப்புக் கண்ணாடி வழி என்றால் ஒவ்வொரு படமும் 62 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. மனிதக் கண்களுக்கு இடையே சுமார் 63 முதல் 65 மி.மீ. தான் இருக்கிறது. அதைவிட விலகிய படங்களைச் சேர்க்கக் கண்கள் வெளிப்பக்கமாகப் பிரிய வேண்டும், அது முடியாத காரியம்.

3. நிற்கும் இடம்

சாதாரணப் படத்துக்கு நல்ல இடம் ஸ்டீரியோவுக்கு நல்ல இடமாக இருப்பதில்லை. கட்டடத்தை நேர் எதிரே, வெறும் வானத்தின் முன்னால் எடுத்தால் ஆழம் காட்ட எதுவுமே இருக்காது. சற்று மூலைவாட்டில் நின்று, முன்னால் ஏதாவது ஒன்றைச் சேருங்கள். வேலிக் கம்பி, பூந்தொட்டி, மரக்கிளை, ஒட்டுக்கடைத் தூண் எதுவானாலும் சரி. அந்தக் காலத்துப் படக்காரர்கள் ஓர் ஆளையோ தூணையோ முன்னால் நிறுத்தியது அழகுக்காக மட்டுமல்ல. முன், நடு, பின் என்று மூன்று அடுக்கு வேண்டும்.

மரக்கிளை என்றால் காற்றில் ஆடாத கிளை. இதை மறந்துவிடுவார்கள்.

சாய்ந்த கோபுரத்துக்கு ஒரு வேலை கூடுதல்: சுற்றி நடந்து, சாய்வு பக்கவாட்டில் தெரியும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். கோபுரம் உங்களை நோக்கிச் சாயும் பக்கத்தில் நின்றால், ஸ்டீரியோவில் அந்தச் சாய்வு ஆழமாகத் தெரியும் என்று எதிர்பார்ப்போம். தெரியாது. அந்தத் தூரத்தில் அது மிகச் சிறிய வேறுபாடு. கேமரா இடைவெளியை மிகப் பெரிதாக்கினால்தான் புலப்படும், அதற்கு முன்னால் எதுவுமே இருக்கக்கூடாது.

உயரமான கட்டடத்துக்குக் கைப்பேசியை அண்ணாந்து பிடிக்காதீர்கள். செங்குத்துக் கோடுகள் மேலே போகப் போகக் குறுகிவிடும். பழைய கேமராக்களில் லென்ஸை மட்டும் மேலே தூக்கும் வசதி இருந்தது. நமக்கு அது இல்லை. பின்னால் போங்கள், கைப்பேசியை நிமிர்த்தியே வையுங்கள், கீழே கூடுதலாக வரும் தார்ச்சாலையைப் பிறகு வெட்டிவிடலாம்.

கோயில் என்றால் நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லுங்கள். முக்காலியும் மரச்சட்டமுமாகப் போய் நின்றால் யாராக இருந்தாலும் கேட்கத்தான் செய்வார்கள்.

4. கோபுரத்தை அல்ல, அதற்கு முன்னால் இருப்பதை அளங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

இரண்டு படங்களுக்கும் இடையே கேமரா எவ்வளவு நகர வேண்டும் என்பதைக் கட்டடத்தின் தூரம் முடிவு செய்வதில்லை. படத்தில் மிக அருகில் விழும் பொருளின் தூரம்தான் முடிவு செய்கிறது. அந்தத் தூரத்தை 30 ஆல் வகுங்கள். பூந்தொட்டி 2 மீட்டரில் இருந்தால் ஏறக்குறைய 6.7 செ.மீ., கிட்டத்தட்ட நம் கண்களின் இடைவெளிதான். வேலி 6 மீட்டரில் என்றால் 20 செ.மீ. முன்னால் ஒன்றுமே இல்லை, 15 மீட்டரில்தான் முதல் பொருள் என்றால் 50 செ.மீ.

காரணம் இது. அருகில் இருக்கும் பொருள்தான் இரண்டு படங்களிலும் அதிகமாக இடம் மாறித் தெரியும். அந்த இடமாற்றம் ஓர் அளவைத் தாண்டினால் கண்ணால் சேர்க்க முடியாமல் இரட்டை உருவமாகிவிடும். அட்டையில் 74 மி.மீ. அகலப் படத்துக்கு 2.5 மி.மீ. வரை வசதி, 3 மி.மீ. தாண்டினால் தலைவலி.

கைப்பேசியின் முதன்மை லென்ஸ் அகலமாகப் பார்ப்பது, அதனால் கொஞ்சம் தாராளம் உண்டு. 30க்குப் பதில் 20 ஆல் வகுத்தாலும் தாங்கும். ஆனால் இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுத்தால் இடைவெளியைப் பாதியாக்குங்கள். பெரிதாக்கும்போது இடமாற்றமும் சேர்ந்து பெரிதாகிறது.

இடைவெளி குறித்து 1850களிலேயே சண்டை இருந்தது. லென்ஸ் வைத்த ஸ்டீரியோஸ்கோப்பை 1849இல் அமைத்த டேவிட் புரூஸ்டர், கண்களின் இடைவெளியான இரண்டரை அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்பவர். தூரத்துக் கட்டடங்களை எடுத்தவர்கள் அதைக் கேட்கவில்லை, அடிக்கணக்கில் நகர்த்தினார்கள். ஆழம் வந்தது, கூடவே கட்டடம் மேசை மேல் வைத்த பொம்மை போலச் சுருங்கியும் தெரிந்தது. என் கட்சி நடுவில். பொதுக் கட்டடம் பெரியதாகத் தெரிய வேண்டும், அதனால் 50 செ.மீ.க்கு மேல் நான் போவதில்லை. பொம்மைத்தனம் பிடிக்கும் என்றால் தாராளமாகப் போங்கள், அதுவும் ஒரு ரசனைதான்.

5. எந்த நேரத்தில்

காலை 8 மணியிலிருந்து 9 வரை. வெயில் சாய்வாக விழுந்து ஓடு, தூண், வளைவுகளுக்கு நிழல் கொடுக்கும். மதியம் நிழல் இல்லை, மாலையில் மழை. மேகம் வேகமாக ஓடும் நாளைத் தவிருங்கள். முதல் படத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையில் மேகம் நகர்ந்தால் அது கோபுரத்துக்கு முன்னால் மிதப்பது போலக்கூடத் தெரியும். கொடி பறக்கும் தேசிய தின வாரமும் சந்தை நாளும் வேண்டாம்.

6. சட்டமும் ரசமட்டமும்

1850களின் தொடக்கத்தில் பலரிடம் ஒரே லென்ஸ் உள்ள கேமராதான் இருந்தது. ஒரு படம் எடுத்து, பலகை மேல் கேமராவைப் பக்கவாட்டில் தள்ளி, அடுத்த படத்தை எடுத்தார்கள். நாம் செய்வதும் அதேதான்.

மரச்சட்டத்தை முக்காலி மேல் கட்டி, ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள். ரசமட்டத்தை நம்புங்கள், கோபுரத்தை நம்பாதீர்கள். எங்கள் ஊரில் கண் தானாகவே கோபுரத்தை நிமிர்த்தப் பார்க்கும், அப்படி நிமிர்த்தினால் பக்கத்துக் கடைகள் எல்லாம் சாய்ந்துவிடும்.

சட்டத்தின் மேல் இடைவெளியைப் பென்சிலால் குறியுங்கள். பின்பக்கம் ஓர் அளவுகோலை ஆணியால் அறைந்து வைத்தால் கைப்பேசியின் முதுகு அதை ஒட்டியே நகரும், திரும்பாது. திரும்பக்கூடாது என்பதுதான் முக்கியம். இரண்டாவது இடத்துக்குப் போனதும் கோபுரம் நடுவில் இல்லையே என்று கைப்பேசியை லேசாகத் திருப்பாதவர் மிகக் குறைவு. திருப்பினால் ஒரு படத்தில் இடப்பக்க விளிம்பு உயரமாகவும் மற்றதில் வலப்பக்க விளிம்பு உயரமாகவும் ஆகிவிடும், கண்கள் ஒன்று மேலும் ஒன்று கீழும் பார்க்க வேண்டி வரும். கோபுரம் ஓரம் போனால் போகட்டும், வெட்டிக்கொள்ளலாம்.

7. எடுப்பது

கைப்பேசியில் ஃபோக்கஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். தானாகவே அழகுபடுத்தும் வசதிகளையும் எச்.டி.ஆரையும் அணைத்துவிடுங்கள். இரண்டு படமும் வெவ்வேறு நிறத்தில் வந்தால் சேர்த்துப் பார்க்கும்போது மினுமினுக்கும். தொட்டால் ஆடும், அதனால் 2 விநாடி டைமர்.

எப்போதும் இடப்பக்கம் முதலில், வலப்பக்கம் அடுத்து. இந்த ஒழுங்கை ஒரு நாளும் மாற்றாதீர்கள். ஒவ்வொரு ஜோடி முடிந்ததும் உள்ளங்கையை ஒரு படம் எடுங்கள். வீட்டில் வரிசையாகக் கிடக்கும் ஒரே மாதிரிப் படங்களில் எது எதன் ஜோடி என்று தேடும் வேலை மிச்சம்.

இரண்டு படங்களுக்கும் இடையே எவ்வளவு குறைந்த நேரமோ அவ்வளவு நல்லது. கடிகார நிமிட முள் ஒரு நிமிடத்தில் 6 பாகை நகரும். பழைய அட்டைகளில் மணிக்கூண்டைப் பார்த்தே இரண்டு படங்களும் ஒரே நேரத்தில் எடுத்தவையா என்று சொல்லிவிடலாம். இரண்டு லென்ஸ் கேமரா பரவியது இந்தத் தொல்லையால்தான். மான்செஸ்டரின் ஜான் பெஞ்சமின் டான்சர் 1856இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

நடப்பவர்கள், வாகனங்கள், நாய் எல்லாம் போகும் வரை காத்திருங்கள். ஒரு படத்தில் மட்டும் இருக்கும் எதுவும் கண்ணில் தோன்றித் தோன்றி மறையும். அருகில் யாராவது உட்கார்ந்திருந்தால், "அண்ணே, ஒரு நிமிசம் அசையாம இருங்க" என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் அவர்கள்தான் படத்தின் நல்ல முன்னடுக்காகவும் அமைவார்கள். கிளம்பும் முன் கணக்கிட்ட இடைவெளியில் ஒன்று, அதன் பாதியில் ஒன்று, ஒன்றரை மடங்கில் ஒன்று என எடுத்துக்கொள்ளுங்கள். எது சரி என்று அட்டையில் பார்த்தால்தான் தெரியும்.

8. சேர்ப்பதும் வெட்டுவதும்

முதலில் உயரம். கடிகார முகம், கூரை நுனி, வேலிக் கம்பி ஆகிய மூன்றும் இரண்டு படங்களிலும் ஒரே கோட்டில் வர வேண்டும். பக்கவாட்டு வேறுபாடுதான் நமக்கு ஆழம். மேல்கீழ் வேறுபாடு வெறும் தலைவலி, ஒரு மி.மீ. கூட உறுத்தும். மென்பொருளில் தானாக நேராக்கும் வசதி இருந்தால் அதை அணையுங்கள், சாய்ந்த கோபுரத்தை அது நிமிர்த்திவிடும்.

அடுத்தது ஓரம். எடுத்தபடியே ஒட்டினால் அருகில் இருப்பவை சட்டகத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து நிற்கும், ஓரத்தில் கண் கூசும். படம் ஒரு ஜன்னலுக்கு அப்பால் இருப்பது போல இருந்தால்தான் நிம்மதி. வீட்டு ஜன்னல் முன் நின்று கண்ணை மாறி மாறி மூடிப் பாருங்கள்: வலக் கண்ணுக்கு இடப்பக்கம் கூடுதலாகத் தெரியும், இடக் கண்ணுக்கு வலப்பக்கம். அதையே அட்டையில் செய்ய வேண்டும். இடப் படத்தின் இட ஓரத்திலும் வலப் படத்தின் வல ஓரத்திலும் வெட்டுங்கள். அதாவது இரண்டு வெளி ஓரங்கள். எவ்வளவு? மிக அருகில் உள்ள பொருள், இரண்டு சட்டகத்திலும் இட ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் வரும் வரை.

மூன்றாவது, இடம் வலம் மாறவில்லை என்று உறுதி செய்வது. முன்னால் உள்ள வேலிக் கம்பியைப் பின்னால் உள்ள கட்டடத்தோடு ஒப்பிடுங்கள். இடப் படத்தில் கம்பி சற்று வலப்பக்கம் தள்ளித் தெரிய வேண்டும். இரண்டு லென்ஸ் கேமராவில் எடுத்த கண்ணாடித் தகட்டிலிருந்து அப்படியே அச்சிட்டால் இடமும் வலமும் மாறிவிடும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு அச்சையும் நடுவில் வெட்டி மாற்றி ஒட்டினார்கள். மறந்துபோனவர்களின் அட்டைகளும் இன்றைக்குக் கிடைக்கின்றன, கட்டடம் குழிந்து கிடக்கும்.

9. அச்சும் ஒட்டும்

இரண்டு படங்களையும் ஒரே 4ஆர் தாளில், 152 மி.மீ.க்கு 102 மி.மீ. பரப்பில் அடுக்கி, ஒரே கோப்பாகக் கொடுங்கள். தனித்தனியாகக் கொடுத்தால் கடை இயந்திரம் ஒவ்வொன்றையும் தன்னிஷ்டத்துக்கு வெளுப்பாக்கும். ஒரு கடையில் எனக்கு ஒரு கண்ணில் காலையும் மறு கண்ணில் மாலையுமாக வந்தது. "அளவு மாற்ற வேண்டாம், ஓரம் வெட்ட வேண்டாம்" என்று சொல்லிக் கொடுங்கள். வந்ததும் அளவுகோலால் அளங்கள், 74 போட்டது 74 ஆகவே இருக்கிறதா என்று. மினுக்கம் இல்லாத தாள் நல்லது, விளக்கொளி லென்ஸில் அடிக்காது.

கெட்டி அட்டையை 178க்கு 89 மி.மீ. வெட்டுங்கள். அச்சின் உயரத்தை 80 மி.மீ. அளவுக்குக் குறைத்து நடுவில் ஒட்டுங்கள். மேல் மூலைகளை வளைவாக வெட்டும் பழைய வழக்கம் உண்டு. வெறும் வானம் குறைவதால் எனக்கு அது பிடிக்கும், கட்டாயமில்லை.

தண்ணீர் கலந்த பசை வேண்டாம். நம் ஊர் ஈரக்காற்றில் ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய அட்டை இரண்டு நாளில் வளையும். இரட்டைப் பக்க டேப் போடுங்கள், பின்பக்கமும் அதே அளவில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டுங்கள். இரு பக்க இழுப்பும் சமமாகும். தகர டின்னில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையோடு வையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சையும் ராமபாணப் பூச்சியும் முந்திக்கொள்ளும்.

10. பார்த்துத் திருத்துவது

கோபுரம் குழிந்து தெரிந்தால் இடம் வலம் மாறிவிட்டது. தலை வலித்தால் உயரக் கோட்டைப் பாருங்கள், அது சரியென்றால் இடைவெளி அதிகம். அட்டைத் துண்டுகளை அடுக்கியது போலத் தட்டையான அடுக்குகளாகத் தெரிந்தால் அளவுக்கு மீறிப் பெரிதாக்கி எடுத்திருக்கிறீர்கள். முதன்மை லென்ஸுக்குத் திரும்பிக் கட்டடத்துக்கு அருகே போங்கள். மினுமினுப்பு என்றால் எதோ அசைந்திருக்கிறது, ஒரு கண்ணை மூடி மூடிப் பார்த்தால் எது என்று பிடித்துவிடலாம். தூரத்துப் பொருள் மட்டும் சேரவில்லை என்றால் படங்களின் அகலம் உங்கள் கருவிக்கு அதிகம், 62 மி.மீ.க்குக் குறையுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.

11. பின்பக்கம் எழுதுவது

இடம், தேதி, நேரம், எங்கே நின்றீர்கள், எந்தத் திசை நோக்கி, மிக அருகில் இருந்த பொருளின் தூரம், கேமரா இடைவெளி. கடைசி இரண்டையும் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அடுத்த கோபுரத்துக்குப் போகும்போது 20 செ.மீ. எடுபட்டதா 30 எடுபட்டதா என்று அந்த அட்டைதான் சொல்லும். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் பரவும்.